புளியமர ஏலத்திலிருந்து தொடங்கலாம்

மரத்தில் பழம் முற்றுவதற்கு முன்பே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். ஏரிக்கரை, புறம்போக்கு, ஊர்ச் சாலையோரம் என்று ஊராட்சியின் பொறுப்பில் நிற்கும் புளியமரங்களின் ஒரு வருட மகசூலை ஏலம் விடும் அறிவிப்பு அது. முன்பணம் கட்டியவர்கள் வந்து உட்காருவார்கள். ஏலம் கேட்பவர்கள் பெரும்பாலும் போன வருடம் வந்த அதே ஆட்கள்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பணம் ஊராட்சிக் கணக்குக்குப் போகும், மகசூல் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும். அந்த ஊர்ப் பெண்கள் மாசியிலும் பங்குனியிலும் அதே பழத்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு உடைத்துக் கொடுப்பார்கள்.

ஊராட்சி நிர்வாகத்துக்கும் சிறுதொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இந்த ஏலத்தைத்தான் காட்டுவேன். மரம் ஊருடையது, உழைப்பும் ஊருடையது, தொழில் மட்டும் வேறொருவருடையதாக இருக்கிறது. சிறுதொழில் வளர்ச்சி என்றதும் மாவட்டத் தொழில் மையம், மானியக் கடன், சிப்காட் என்றே பேசிப் பழகிவிட்டோம். அவை தேவைதான். ஆனால் ஒரு சின்னத் தொழில் பிழைப்பதும் சாவதும் பல நேரம் ஊராட்சி அலுவலகத்தின் ஒரு ரசீதில், ஒரு களத்தில், ஒரு சந்தைத் திடலில் முடிவாகிறது. அந்த இடத்தில் ஊராட்சியை வசூல் செய்யும் அலுவலகமாக மட்டுமே வைத்திருக்கிறோம். அது மாற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊராட்சியில் 20 மரம் என்று வைத்துக்கொள்வோம். நன்கு வளர்ந்த மரம் நல்ல காய்ப்பில் ஓட்டோடு 150 கிலோ தரும் என்று போட்டால் 3,000 கிலோ. இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்தால் ஏறக்குறையப் பாதி சதை, மூன்றில் ஒரு பங்கு கொட்டை, மீதி ஓடும் நாரும். மரத்துக்கு மரம் இது மாறும். ஆக 1,500 கிலோ புளி, 1,000 கிலோ கொட்டை. கொட்டையும் வீணாவதில்லை, மாவாக்கினால் நெசவுக் கஞ்சிக்குப் போகிறது. ஓட்டோடு விற்றால் ஒரு விலை, கொட்டைப்புளிக்கு ஒரு விலை, கொட்டை நீக்கிய பூப்புளிக்கு ஒரு விலை, அதையே அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் ஒட்டினால் இன்னொரு விலை. ஒவ்வொரு படியிலும் ஏறுகிற அந்த விலை யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் சிறுதொழில் கொள்கை என்று நான் புரிந்து வைத்திருக்கிறேன்.

அப்படியானால் மகளிர் குழுவே ஏலம் கேட்கலாமே? கேட்கலாம், தடையில்லை. ஆனால் கேட்பதில்லை, காரணமும் இருக்கிறது. ஏலத் தொகையை மொத்தமாக, அல்லது சில நாள் தவணைக்குள், கட்டச் சொல்வார்கள். அது மார்கழி, தை மாதம். குழுவின் கையில் அப்போது காசு இருக்காது, பழத்தைக் காசாக்குவது பங்குனியில். ஒப்பந்தக்காரருக்கு மண்டியில் முன்பணம் கிடைக்கும், குழுவுக்குக் கிடைக்காது. இன்னொன்று, புளி ஒரு வருடம் அள்ளிக் கொடுத்தால் மறு வருடம் கையை விரிக்கும். ஒரு வருடக் குத்தகை என்பது இருபது ஏழைப் பெண்களைச் சூதாடச் சொல்வது போல. மூன்று வருடக் குத்தகையானால் நல்ல காய்ப்பும் மோசமான காய்ப்பும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும். மரத்தை உலுக்குகிற கையும் கொஞ்சம் அக்கறையாக உலுக்கும், வரும் வருடக் காய்ப்பும் அவர்களுடையது என்பதால்.

தீர்வு சிக்கலானதில்லை. கடந்த மூன்று ஆண்டு ஏலத் தொகையின் சராசரியை எடுத்து, அதன்மேல் ஒரு சிறு சதவீதம் சேர்த்து, அந்த விலைக்கு ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புக்கு முதல் உரிமை தரலாம். கால் பங்கை முன்னால் கட்டிவிட்டு மீதியைச் சித்திரைக்குள் கட்டச் சொல்லலாம். முன்பணத்துக்குக் கூட்டமைப்பின் சமுதாய முதலீட்டு நிதி இருக்கிறது. ஊராட்சிக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை.

பிறகு ஏன் நடப்பதில்லை? தணிக்கைதான் காரணம். அதிகம் கேட்டவருக்குக் கொடுத்தால் எந்தத் தணிக்கையாளரும் கேள்வி கேட்க மாட்டார். சராசரி விலைக்குக் குழுவுக்குக் கொடுத்தால், "பகிரங்க ஏலம் விடாததால் ஊராட்சிக்கு இழப்பு" என்று தணிக்கைத் தடை எழுதுவார். அந்த இழப்பைத் தலைவரும் செயலரும் தங்கள் பையிலிருந்து கட்டும் நிலை வரலாம். நல்ல மனசு உள்ள தலைவர் கூட இதற்குப் பயப்படுவார், பயப்படுவது நியாயமும்கூட. ஆகவே இதை ஊர்த் தலைவரின் நல்லெண்ணத்துக்கு விடக் கூடாது. சராசரியை எப்படிக் கணக்கிடுவது, தவணை எத்தனை, கட்டத் தவறினால் என்ன என்று எல்லாம் எழுதிய அரசாணை வேண்டும். உள்ளாட்சிச் சீர்திருத்தம் என்று நான் சொல்வது இந்த மாதிரி இரண்டு பக்கத் தாளைத்தான்.

சட்டத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளில் எட்டாவது, உணவு பதப்படுத்துதல் உள்ளிட்ட சிறுதொழில்கள். ஒன்பதாவது கதர், கிராம, குடிசைத் தொழில்கள். இருபத்திரண்டாவது சந்தைகளும் திருவிழாக்களும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மறு ஆண்டே, 1994-இல் வந்துவிட்டது. முப்பது வருடம் கழித்தும் ஓர் ஊராட்சிச் செயலரிடம் போய் "எட்டாவது துறைக்கு இங்கே யார் பொறுப்பு?" என்று கேட்டால் பதில் இருக்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, வேலைத் திட்டம், வீட்டுத் திட்டம், இணையப் பதிவேற்றம் எல்லாம் அந்த ஒருவர் தலையில் இருக்கிறது.

நிதியும் அப்படித்தான். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில் ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டது. 40 சதவீதத்தைத்தான் ஊர் தன் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்குக் கூடாது. எங்கள் பக்கத்தில் குடிநீரை யாரும் குறைத்துப் பேச முடியாது. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமான ஊர்கள் இவை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே 2013-இல்தான். ஆனால் மீதி 40 சதவீதம் எங்கே போகிறது என்று ஊராட்சி வளர்ச்சித் திட்டங்களைப் புரட்டினால் சிமென்ட் சாலை, வடிகால், சிறுபாலம். தொழில் என்று ஒரு வரியைப் பார்ப்பது அரிது.

இந்த மண்ணுக்கும் வசூலுக்கும் பழைய உறவு உண்டு. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் நிலமாக அளந்து, ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகத் தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி முறை உருவான இடங்களில் இது முக்கியமானது. மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். ஒவ்வொரு குடியையும் பெயர் சொல்லி அறிந்து வரி போடும் திறமை இந்த மாவட்டத்து நிர்வாகத்துக்கு இருநூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதே நெருக்கத்தோடு ஒவ்வொரு தொழிலையும் அறிந்து கைகொடுக்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை.

இனி அந்த மகளிர் குழு மரத்தை எடுத்துவிட்டது, பூப்புளிப் பொட்டலம் போடப் போகிறது என்று வைத்துக்கொண்டு வழியில் என்னென்ன வரும் என்று பார்ப்போம்.

முதலில் ஊராட்சித் தாள். கடனுக்குப் போனால் வங்கியில் ஊராட்சி உரிமம் கேட்பார்கள். குழுத் தலைவி ஊராட்சி அலுவலகம் போவார். "சார், தொழில் லைசென்ஸ் வேணும்." "தொழில் வரி ரசீது போட்டுத் தரேம்மா, அதுவே போதும்." போதாது. தொழில் வரி என்பது வருமானத்தின் மேல் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரியே கிடையாது, எவ்வளவு சம்பாதித்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போட அரசியலமைப்பு இடம் தரவில்லை. தொழில் உரிமம் வேறு. இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்ற அனுமதி அது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ரசீதோடு வங்கிக்குப் போய்த் திரும்பி வருவதில் ஒரு மாதம் போய்விடும். ரசீது கட்டடச் சொந்தக்காரர் பெயரில் இருந்தால் இன்னும் ஒரு மாதம். கட்டடத்துக்கு வீட்டு வரி கட்டிய ரசீது, வாடகை ஒப்பந்தம், உரிமம் மூன்றிலும் கதவு எண் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பழைய எண் ஒன்றிலும் புதிய எண் ஒன்றிலும் இருப்பது வழக்கமாக வரும் சிக்கல்.

2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் தொழில் உரிமம் வழங்குவதற்குப் புதிய விதிகள் வந்தன. டீக்கடை, பெட்டிக்கடைக்குக் கூடவா உரிமக் கட்டணம் என்று எதிர்ப்பு எழுந்தது, அரசு அதை நிறுத்தி வைத்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தோசை சுடுகிற அக்காவிடம் கட்டணம் கேட்டு, அவருக்கு அதனால் கிடைக்கும் சேவை என்ன என்று சொல்லாவிட்டால் அது இன்னொரு வசூல்தான். ஆனால் விதியே இல்லாமல் விட்டுவிடுவதும் சிறு தொழில்காரருக்கு நல்லதில்லை. தாள் இல்லாதவரை யார் வேண்டுமானாலும் மிரட்டலாம். என் கருத்து இது: புகை, கழிவுநீர், இரைச்சல் உள்ள தொழிலுக்கு மட்டும் உரிமம். மற்ற எல்லாவற்றுக்கும் பெயரளவுக் கட்டணத்தில் பதிவு மட்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அந்தச் சீட்டே அனுமதி. தொழில் நிறுவனங்களுக்காக 2018-இல் சட்டமும், அனுமதிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளரமும் கொண்டுவந்தோம். காலக்கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளும் வசதியைக் கோடி ரூபாய் முதலீட்டுக்குத் தரலாம் என்றால் நாற்பதாயிரம் ரூபாய் முதலீட்டுக்கும் தரலாம்.

அடுத்து மின்சாரம். இங்கே தெரியாமல் இழக்கும் காசு அதிகம். கடைத்தெரு ஓரமாக ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் அங்கே பெரும்பாலும் வணிக இணைப்பு, அதாவது ஐந்தாம் எண் கட்டணம், இருக்கும். அப்படியே இயந்திரத்தை மாட்டி ஓட்டினால் வணிகக் கட்டணம்தான் ஓடும். 12 கிலோவாட் வரை உள்ள குடிசை, குறுந்தொழிலுக்கு மூன்று-ஏ-ஒன்று என்று தனிக் கட்டணம் இருக்கிறது, அது கணிசமாகக் குறைவு. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றைக் கொடுத்து மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக மாற்ற மாட்டார்கள். 3 குதிரைத்திறன் கொட்டை நீக்கும் இயந்திரம், 2 குதிரைத்திறன் அழுத்தும் இயந்திரம் இரண்டும் சேர்ந்தாலும் நாலு கிலோவாட்டுக்குள்தான். அந்த வரம்பில் தாராளமாக இடம் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை. தோட்டத்துக் கொட்டகையில் விவசாய இலவச மின்சாரத்தில் இயந்திரத்தை ஓட்டிவிடக் கூடாது. மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் பின்தேதியிட்டுப் போடுவார்கள். ஒரு பருவத்து லாபம் முழுக்க அதிலேயே போய்விடும், கிணற்று இணைப்பும் ஆபத்தில் மாட்டும்.

இயந்திரம் வாங்கும்போது கொட்டேஷனில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: புளி படுகிற பாகங்கள் எல்லாம் 304 தர எவர்சில்வர். புளியின் அமிலம் சாதா இரும்பைத் தின்னும். தின்ற இரும்பு புளியைக் கருப்பாக்கும். செம்பழுப்பாக இருக்க வேண்டிய புதுப்புளி பழம்புளி போல நிறம் மாறி வந்தால் மண்டியில் விலையைக் குறைத்துவிடுவார்கள், எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும். கையால் கொட்டை எடுக்கிற பெண்களின் விரல் நுனியும் நகக்கண்ணும் அதே அமிலத்தில் தோல் உரிந்திருக்கும். திட்ட அறிக்கையில் கையுறைக்கு ஒரு தொகை எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை. எழுதுங்கள், சில நூறு ரூபாய்தான். ஐப்பசி மழைக்காலத்தில் புளி ஈரத்தை இழுத்துக் கசியும், பொட்டலம் பிசுபிசுக்கும். அதனால் மெல்லிய ஒற்றைத் தாள் பை வேண்டாம். ஒரு பருவத்துச் சரக்கை வருடம் முழுக்க நிறம் கெடாமல் விற்க வேண்டுமானால் குளிர்பதனக் கிடங்குதான் வழி. வாடகையை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எளிது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். இடைத்தரகரிடம் ஆயிரங்களில் கொடுக்க வேண்டாம். பொட்டலத்தின் மேல் பதினான்கு இலக்க எண், தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர எடை, அதிகபட்ச விலை, முகவரி, தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண் எல்லாம் வேண்டும். பலரும் விடுவது இரண்டு: பொட்டலமிடுபவர் என்று தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பதிவு செய்வது, மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போடுவது. உணவுத் துறை ஆய்வுக்கு வராவிட்டாலும் எடையளவுத் துறை வரும்.

இப்போது கடன். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உற்பத்திக்கு 50 லட்சம் ரூபாய் வரை, சேவைக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு. கிராமத்தில் தொடங்கும் பெண், பட்டியல் வகுப்பினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். திட்ட மதிப்பு 8 லட்சம் என்றால் சொந்தப் பங்கு 40,000, வங்கி தருவது 7,60,000, மானியம் 2,80,000. இங்கேதான் ஏமாற்றம். மானியம் கைக்கு வராது. வங்கி அதைத் தனி வைப்பாக மூன்று வருடம் வைத்திருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடாது, மூன்று வருடம் தொழில் நடந்ததா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிக்கும். தொழிலை இடையில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும், கடன் முழுதாக நிற்கும். "மானியம் வந்ததும் புளி வாங்கிக்கலாம்" என்று எண்ணிக் கடன் முழுவதையும் இயந்திரத்தில் போட்டவர்கள் மூலப்பொருள் வாங்கக் காசில்லாமல் முதல் பருவத்திலேயே படுத்துவிடுகிறார்கள். புளித் தொழிலில் இது கொடுமை, ஏனென்றால் மூன்று மாதத்தில் ஒரு வருடத்துச் சரக்கையும் வாங்கியாக வேண்டும். நடைமுறை மூலதனத்தைத் திட்ட அறிக்கையில் முழுக் கொள்முதல் பருவத்துக்கும் கணக்கிட்டு எழுத வேண்டும். நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது, சேர்த்தால் திரும்பி வரும். உற்பத்தித் திட்டம் 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புச் சான்று வேண்டும். படிக்காத அக்காக்கள் தொகையை அதற்குள் வைத்துக்கொள்வது நல்லது.

20 லட்சம் ரூபாய் வரையிலான (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) குறுந்தொழில் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். உண்மையான தடை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. வாரத் தவணை நுண்கடன் இரண்டு மூன்றில் பெயர் இருக்கும், ஏதோ ஒன்றில் தவணை தவறியிருக்கும், கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழுந்திருக்கும். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

விற்பனையில் ஒரே ஒரு விஷயம். உத்யம் பதிவை முதல் சரக்கு அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், அது இலவசம். 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி வாங்கியவர் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பெங்களூருக் கடைக்காரர் நாலு மாதம் இழுத்தால் இந்தச் சட்டம் கைகொடுக்கும், ஆனால் பில்லும் பதிவும் இருந்தால்தான். வாங்கி விற்பதை மட்டுமே செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உண்டு.

சந்தைக்கு வருகிறேன். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் திடலில் ஒரு நாளில் கைமாறும் சரக்கு எத்தனை கடைத்தெருக்களுக்குச் சமம் என்று. இங்குள்ள வாரச்சந்தைகளில் பெரும்பாலும் சுங்கம் வசூலிக்கும் உரிமையை வருட ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். ஏலம் எடுத்தவர் போட்ட காசை ஐம்பத்திரண்டு வாரத்தில் எடுக்க வேண்டும். தலைச்சுமை ஒன்றுக்கு, கூடைக்கு, தரைக்கடைக்கு, வண்டிக்கு என்று தனித்தனிக் கட்டணம் ஏல நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். ஆனால் கூடையோடு வரும் பெண்ணுக்கு அது தெரியாது, கட்டணப் பலகை இருக்காது. இருந்தாலும் எழுத்து அழிந்திருக்கும். கேட்டதைக் கொடுப்பார், ரசீது வராது. நகரத்துச் சாலையோர வியாபாரிக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அடையாள அட்டையும் விற்பனைக் குழுவில் இடமும் தருகிறது. கிராமச் சந்தைக்காரருக்கு அந்தச் சட்டம் எட்டாது. ஆகவே ஊராட்சிதான் அவருக்குக் காவல். ஏலத் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது அதே சந்தையில் நிழற்கூரைக்கும், பெண்களுக்கான கழிப்பறைக்கும், குடிநீருக்கும், இருட்டிய பின் எரிகிற விளக்குக்கும் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டால் போதும். காலை ஆறு மணிக்கு வந்து மாலை ஆறு வரை உட்காரும் பெண், கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். இதைவிட அவசரமான சிறுதொழில் கொள்கை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் மகளிர் குழுக் கட்டடம் ஒன்றும் சேவை மையக் கட்டடம் ஒன்றும் பூட்டிக் கிடக்கின்றன. சிமென்ட் உலர்களம் இருக்கிறது, யார் முதலில் கொண்டுவந்து கொட்டுகிறாரோ அவருடைய களம் அது. மாசியில் புளியும் ராகியும் ஒரே களத்துக்கு மோதும். ஒரு நோட்டுப் புத்தகம், முறை வைத்து நாள் ஒதுக்கீடு, குவிண்டாலுக்கு ஒரு சிறு பராமரிப்புக் கட்டணம், பூட்டிய கட்டடத்துக்கு மும்முனை மின் இணைப்பு. இவ்வளவு செய்தால் அந்தக் குழு தனியாக வாடகைக்கு இடம் தேடவே வேண்டாம். கதவு எண் சிக்கலும் தீர்ந்தது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதுதான் இன்றைய கஷ்டம். 2019 டிசம்பரில் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் இந்த இரு மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் வட்டார வளர்ச்சி அலுவலரே (பி.டி.ஓ.) அவர்கள் இடத்தில் நிர்வாகம் பார்க்கும் தனி அலுவலர் ஆனார். 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் இருந்தோம். ஒரு பி.டி.ஓ.வின் கீழே முப்பது நாற்பது ஊராட்சி இருந்தால் எந்த ஊர்க் களத்தில் யார் முறை என்பதை அவர் எங்கே பார்ப்பார்? தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாவிட்டால் நிதிக்குழு மானியமும் தடைபடும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் தேர்தல் நடப்பதைச் சீர்திருத்தம் என்று கேட்க வேண்டியிருப்பதே வேதனை.

ஆனாலும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூட்ட வேண்டும். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். புளிக்கு ஏற்ற நாள் அக்டோபர் 2. அடுத்த ஆண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது, மகசூல் ஏலத்துக்கும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். தீர்மானத்தை இப்படி எழுதிக் கொண்டு போகலாம்: "எங்கள் ஊராட்சியின் பொறுப்பிலுள்ள புளியமரங்களின் எண்ணிக்கை, நிற்கும் இடம், கடந்த மூன்று ஆண்டு ஏலத் தொகை ஆகியவற்றைப் பதினைந்து நாளுக்குள் அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அதன் சராசரியை அடிப்படை விலையாகக் கொண்டு மகளிர் கூட்டமைப்புக்கு மூன்று ஆண்டுக் குத்தகை வழங்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி கோர வேண்டும். உலர்களத்துக்கு முறைப் பதிவேடு வைக்க வேண்டும்." பொதுவாக "புளியமரங்களைக் குழுவுக்கு வழங்குக" என்று எழுதினால் எண் இல்லாத தீர்மானமாகக் கிடப்பில் போய்விடும். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், கூட்டம் முடிவதற்கு முன் வெற்றுத் தாளில் போட வேண்டாம். தீர்மான எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனுநாளில் ஒரு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டும். மார்கழியில் ஏல அறிவிப்பு ஒட்டும்போது அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும்.